மூலை வீட்டுப் பத்திரம்

நவம்பர் 20, புதன்

மதினி இன்று ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். கத்தரிக்காய் வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்கி, காம்பைத் திருப்பிப் பார்த்து, கடைக்காரரை அழ வைத்துத்தான் வாங்குவாள். வீட்டை மட்டும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிட்டாள். கேட்டால் முகூர்த்த நாளாம். இதை விட்டால் மார்கழி பிறந்துவிடுமாம். ராகுகாலம் வருவதற்குள் பணத்தைக் கையில் கொடுத்தால் நல்லது என்று புரோக்கர் தங்கப்பழம் சொன்னாராம்.

"பத்திரத்த யாராவது பாத்தாவளா மதினி?" என்றேன்.

"இனிமே பாக்கட்டும். பத்திரம் எங்க ஓடிரப் போவுது? நல்ல நேரந்தான் ஓடிரும்."

பள்ளிக்கூட வேன்களுக்கு நான்தான் இன்சார்ஜ். பதினோரு டிரைவர்களை மேய்க்கிறேன். ஒரு மதினியை மேய்க்க முடியவில்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவள். இருநூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் வைத்த கை. எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது.

இப்போது இருக்கும் வாடகை வீட்டைப் பொங்கலோடு காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். மூன்று வருஷத்துக்கு முன் அண்ணன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான். மதினி பார்த்திருக்கும் வீடு பாளையங்கோட்டையிலேயே, செந்தூரான் நகரில், தெருக்கோடி மூலை வீடு. காற்று பிய்த்துக்கொண்டு போகிறதாம். எனக்கு என்ன, எந்த வீடாக இருந்தாலும் பாய் போட ஓர் இடம் கிடைத்தால் சரி.

நவம்பர் 22, வெள்ளி

வக்கீல் பிடிக்கும் படலம்.

தங்கப்பழம் அண்ணாச்சி தன் வக்கீலிடமே கூட்டிப்போனார். "விக்கவங்களுக்கும் இவருதான், வாங்குதவங்களுக்கும் இவருதான். ஒரே செலவு, ஒரே அலைச்சல்" என்றார். மதினி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "நாளைக்கு அவியளுக்கும் எங்களுக்கும் சண்டன்னு வந்தா இவரு யாரு பக்கம் நிப்பாரு?" அந்த வக்கீல் சிரித்தார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தவர் பெரிய வக்கீல். ஆபீசில் மீன்தொட்டி. மேலாப்பில் இருந்த தாளை மட்டும் பார்த்துவிட்டு, காபி ஆறுவதற்குள் "எல்லாம் கிளியரா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். மற்ற தாள்களைத் திருப்பவே இல்லை. மீன்களாவது எங்களை ஒரு முறை முழுசாகப் பார்த்தன.

நவம்பர் 24, ஞாயிறு

புனேயிலிருந்து சைலப்பன் போன் செய்தான். மதினியின் ஒரே மகன். நான் தூக்கி வளர்த்தவன். மதினி எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"யார் பேர்லம்மா வாங்குதீய?"

"எங்க ரெண்டு பேரு பேர்லயும்."

"அத்த பேரு எதுக்கும்மா? பின்னால சிக்கல் ஆகும். நீ ஒரு காலத்துல இங்க வந்துதான ஆகணும்?"

நான் கேட்டுக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் சம்பளச் சேமிப்பும் நகையும் இதில் போகிறது என்பதற்காகப் பத்திரத்தில் பேர் வர வேண்டும் என்று சட்டமா? எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது.

நவம்பர் 25, திங்கள்

வேன் டீசல் சீட்டின் பின்பக்கத்தில் என் பேரை "செண்பகவல்லி, க/பெ" என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டு "த/பெ சண்முகவேல்" என்று எழுதினேன். பேனா எழுதுகிறதா என்று பார்க்கத்தான்.

நவம்பர் 28, வியாழன்

நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று டிரைவர் இசக்கிமுத்து சொல்லிக் கொடுத்தார். "எக்கா, வாங்குங்கன்னு சொல்லுத வக்கீல் ஊரு பூரா இருக்கான். வாங்காதீயன்னு சொன்ன வக்கீல் யாருன்னு விசாரிங்க." போன வருஷம் அவர் ஆசைப்பட்ட மனையை வாங்க வேண்டாம் என்று சொன்னவர் மேலப்பாளையம் ஜொஹரா பேகம். அந்த மனையில் இப்போது மூன்று பேர் வழக்குப் போட்டிருக்கிறார்கள்.

மாலையில் போனோம். மிக்சர் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. நாற்பது வயது இருக்கும். வறுகடலை கொறித்துக்கொண்டே ஒவ்வொரு தாளாகப் படித்தார். தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எந்த வருஷத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள், வீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் எல்லோருக்கும் சம்மதமா? கேள்வி மேல் கேள்வி. மதினிக்குப் பிடித்துப்போயிற்று. தன்னைப் போலவே காம்பைத் திருப்பிப் பார்க்கிற ஆள் என்று கண்டுகொண்டாள்.

"வாங்குறது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்" என்றாள் மதினி, நான் வாயைத் திறப்பதற்குள்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "உங்க கணவர் எங்க இருக்காருக்கா?"

"தூத்துக்குடி."

"கூட இல்லையா?"

"இருபத்திரண்டு வருஷமா இல்ல."

"டைவர்ஸ் ஆச்சா?"

"இல்ல."

"பிள்ளைங்க?"

"இல்ல."

கடலையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க, கேட்டுத்தான் ஆகணும். பத்திரத்துல உங்க பங்குன்னு ஒண்ணு இருந்தா, உங்க காலத்துக்கு அப்புறம் சட்டப்படி முதல் வாரிசு அவர்தான். அதுக்கு வழியும் இருக்கு, அதை அப்புறம் பேசுவோம். முதல்ல இந்த வீடு விக்கிறவர் வீடுதானான்னு பாக்கணும்."

அதற்குப் பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கடலையை நல்ல பதத்தில் வறுத்திருந்தார்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாவிட்டால் நானே நாளைக்கு நம்ப மாட்டேன்.

வக்கீல் வீட்டை நேரில் பார்க்க வந்தார். இதுவரை இரண்டு வக்கீல்களும் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. இவர் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். பின்னாலேயே நாங்கள். எங்கள் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர் பிரமநாயகம் அண்ணாச்சி. எழுபது வயது. வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார்.

வக்கீல் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பத்திரத்தைப் பார்த்தார். மறுபடி திரும்பினார்.

"அண்ணாச்சி, உங்க மனை எண் பதினாலு. தெற்கே பதினஞ்சாம் நம்பர் மனைன்னு போட்டிருக்கு. இங்க தெற்கே ரோடுல்ல கிடக்கு?"

அண்ணாச்சி ரோட்டை எட்டிப் பார்த்தார். "ஆமா. ரோடு எப்பமும் அங்கதான் கிடக்கும்."

"அப்ப இது பதினஞ்சாம் நம்பர் மனை. பதினாலு அந்தா இருக்கு" என்று வடக்கே அடுத்த வீட்டைக் காட்டினார். அடுத்த வீட்டு மாடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். தொண்ணூற்றேழு தை மாதம், கடைசி இரண்டு மனைகளையும் ஒரே நாளில் விற்றிருக்கிறார்கள். மனை விற்றவன் இடத்தைக் காட்ட வரத் தாமதமாகிவிட்டது. ராகுகாலம் நெருங்குகிறது. கையில் செங்கல்லோடு அண்ணாச்சி நிற்கிறார். அவன் ஓடிவந்து அவசரத்தில் மாற்றிக் கையைக் காட்டிவிட்டான். அண்ணாச்சி அந்த இடத்திலேயே கல்லைப் போட்டுத் தேங்காயை உடைத்துவிட்டார். அடுத்தவர் மிச்சமிருந்த மனையில் வீடு கட்டிக்கொண்டார். இரண்டும் ஒரே அளவு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை வருஷமும் ஒருவர் மனையில் மற்றவர் குடியிருந்திருக்கிறார்.

"பத்திரத்த ஒரு தடவ படிச்சுப் பாக்கலியா அண்ணாச்சி?" என்றார் வக்கீல்.

"நேரம் போயிருமுல்லா தாயி?"

நான் மதினியைப் பார்த்தேன். அட்வான்ஸ் கொடுத்த மகராசி முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 2, திங்கள்

இதைச் சரிசெய்ய ஒரே வழி பரிவர்த்தனைப் பத்திரமாம். இரண்டு பேரும் சேர்ந்து வந்து, உன் மனை எனக்கு, என் மனை உனக்கு என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி எங்களுக்கு விற்க முடியும். "அதுவரைக்கும் ஒரு பைசா குடுக்காதீங்க" என்றார் வக்கீல்.

ஒரே ஒரு இடைஞ்சல். அடுத்த வீட்டு ஞானசிகாமணி சாரும் பிரமநாயகம் அண்ணாச்சியும் பேசிக்கொள்வதில்லை. காரணம் கம்பளிப்பூச்சி. அண்ணாச்சி வீட்டு முருங்கை மரத்திலிருந்து சார் வீட்டுக்குள் பூச்சி இறங்குகிறது என்று பல வருஷத்துக்கு முன் தொடங்கிய சண்டை.

டிசம்பர் 7, சனி

சாரைப் பார்க்கப் போனோம். டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி எலிசபெத் டீச்சர் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். வக்கீல் இரண்டு பத்திரங்களையும் மேசையில் விரித்து விளக்கினார். சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அப்ப மூலை மனை என் பேர்ல இருக்கு?"

"பேப்பர்ல."

"முருங்க மரம்?"

"அதுவும் உங்க மனையிலதான் நிக்குது."

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்ப இத்தன வருசமா என் கம்பளிப்பூச்சி மேலயா நான் கார்ப்பரேஷன்ல மனு குடுத்துட்டு இருந்தேன்?"

எலிசபெத் டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். மதினி முறுக்கைக் கடிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தாள். கடித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் கையெழுத்து என்றதும் சார் முகம் இறுகிவிட்டது. "அந்தாளு பேரும் என் பேரும் ஒரே பத்திரத்துல வரக்கூடாது. அதோட, மூலை மனைக்கு மதிப்பு ஜாஸ்தி. எனக்கு வந்தத நான் எதுக்கு விடணும்?"

வீட்டுக்கு வரும் வழியில் மதினி ஆட்டோக்காரரிடம் பேரம்கூடப் பேசவில்லை. நானும் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன். முறுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்று மதினிக்குத் தெரியாமல் வக்கீலைப் பார்த்தேன். வீடு கிடைத்தால் அது மதினி பேரில் மட்டும் இருக்கட்டும், என் பேரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"ஏன்க்கா?"

"தூத்துக்குடியிலேருந்து ஒருத்தர் வந்து நாளைக்கு மதினி வீட்டு வாசல்ல நிக்கக் கூடாது."

அவர் என்னையே பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து வந்துதான எங்கிட்ட கேஸ் குடுத்தீங்க? ஒருத்தர் சொல்லி நான் மாத்த முடியாது. அவங்க சொல்லட்டும்."

வக்கீல் என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டாமா? இவரைத் தேடிப் பிடித்தது தப்பு.

டிசம்பர் 15, ஞாயிறு

கார்த்திகை கடைசி நாள். வாடகை வீட்டுக்காரர் காலையிலேயே வந்து, "பொங்கலுக்கு அப்புறம் மூணு வாரம் பாப்பேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கப்பழம் வேறு வீடு காட்டுகிறேன் என்றார். சைலப்பன், "அம்மா, நீ பேசாம கிளம்பி புனே வந்துரு" என்றான். அத்தையும் வரட்டும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டான். நல்ல பையன்.

சாயங்காலம் மதினி கடைசியாக ஒரு முறை பேசிப் பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு போனாள். போனால் இரண்டு கிழவர்களும் ஆளுக்கொரு மாடியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். "என் மனையில இருந்து இறங்கும்வே!" என்கிறார் சார். "மொதல்ல நீரு என் மனையில இருந்து இறங்கும்!" என்கிறார் அண்ணாச்சி. இரண்டு பேர் சொல்வதும் பத்திரப்படி சரி. தெருவே வேடிக்கை பார்க்கிறது.

நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. வேன் டிரைவர்களிடம் பேசிப் பேசி வந்த பழக்கம்.

டிசம்பர் 16, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. மதினி மிளகுபால் போட்டுக் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மதினி ஒன்றும் கேட்காமல் இருப்பது உலக அதிசயம்.

டிசம்பர் 18, புதன்

ஞானசிகாமணி சாரும் எலிசபெத் டீச்சரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கையில் கிறிஸ்துமஸ் கேக். நான் டீ போடுகிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஆனால் இந்த வீட்டில் அடுப்படியில் நின்றாலும் எல்லாம் கேட்கும்.

சார் மதினியிடம் சொன்னார்: "அந்தம்மா அன்னைக்குத் தெருவுல நின்னு கேட்டாவ பாருங்க. 'உங்க ரெண்டு பேருக்கும் அது யாரு மனைன்னே தெரியாது, ஆனாலும் இத்தன வருசம் நம்ம வீடுன்னு நிம்மதியாத் தூங்கியிருக்கிய. நான் இருபத்திரண்டு வருசமா அண்ணன் வீட்டுல இருக்கேன், ஒரு நாளாவது இது நம்ம வீடுன்னு நினைச்சுக் கால நீட்டிப் படுத்ததில்ல'ன்னாவ. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல. நான் கையெழுத்துப் போடுதேன். மூலை மனையும் வேண்டாம், அதுக்கு ஒரு காசும் வேண்டாம்."

டீ கொதித்து வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைக்க வேண்டியிருந்ததால் நான் வெளியே வரவில்லை.

ஆனால் சார் ஜனவரி முதல் வாரம் ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டுக்குப் போகிறார். திரும்பச் சித்திரை ஆகும். கையெழுத்து அதற்குள் முடிய வேண்டும். இப்போதோ மார்கழி.

டிசம்பர் 19, வியாழன்

"மார்கழியிலா? பத்திர ஆபீசா? தலையே போனாலும் மாட்டேன்" என்றார் பிரமநாயகம் அண்ணாச்சி. தங்கப்பழம் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வக்கீல், "இதுல வாங்கறதும் இல்ல, விக்கறதும் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை.

அப்போது மதினி எழுந்தாள். "அண்ணாச்சி, மார்கழியில புதுசா ஒரு காரியம் ஆரம்பிக்கக் கூடாது. சரிதான?"

"சரிதான்."

"நீங்க இத என்னைக்கு ஆரம்பிச்சிய?"

"தொண்ணூத்தேழு தையில."

"நல்ல நேரம் பாத்துதான?"

"பின்ன?"

"அது இன்னும் முடியல. தையில நல்ல நேரத்துல ஆரம்பிச்ச காரியம் நீண்டு நீண்டு மார்கழிக்கு வந்துட்டு. நடுவுல நிறுத்துனாத்தான் தோசம். முடிச்சு வைக்கதுல என்ன தோசம்?"

அண்ணாச்சி யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். "சோசியர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்றார். ஜோசியருக்கு மதினி ஏற்கெனவே போன் செய்து விளக்கிவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

டிசம்பர் 30, திங்கள்

பரிவர்த்தனைப் பத்திரம் பதிவாகிவிட்டது! அவரவர் வீடு அவரவர் மனையில்! இவ்வளவு செலவு செய்து, எங்கே இருந்தார்களோ அங்கேயே இருப்பதற்கு உரிமை வாங்கியிருக்கிறார்கள்.

பத்திர ஆபீசில் கூட்டமே இல்லை. மார்கழியில் யார் வருவார்கள்? காமிராவுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொன்னதும் இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே வந்ததும் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முருங்கக்கா வேணும்னா பறிச்சுக்கிடும்வே" என்றார். "பூச்சிய நீரே வச்சுக்கிடும்" என்றார் சார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். நானும் மதினியும் வக்கீலும் ரோட்டில் நின்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். மனசு ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்படி லேசாக இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மதினி சத்துணவு அளவுக்குப் பொங்கினாள். பானை சாய்த்துத் தெருவுக்கே கொடுத்தோம்.

ஜனவரி 19, ஞாயிறு

கிரயப் பத்திரத்தின் வரைவைப் படித்துக் காட்ட வக்கீல் கூப்பிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் வாங்குகிறவர் காதால் கேட்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"கிரயம் பெறுவோர். ஒன்று, காலஞ்சென்ற குமாரசாமி மனைவி ஆவுடையம்மாள். இரண்டு, காலஞ்சென்ற சண்முகவேல் மகள் செண்பகவல்லி. இருவருக்கும் சமபாகம்."

"நான் என் பேர எடுக்கச் சொன்னேன்லா?" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மதினி பக்கத்தில் இருக்கிறாள் என்பது உறைத்தது.

மதினி மெதுவாகத் திரும்பினாள். "எப்பம் சொன்ன?"

நான் மறுபடி சுவரைப் பார்த்தேன்.

"ஏட்டி, எதுக்குச் சொன்ன?"

"அந்த ஆளு நாளைக்கு வந்து பங்கு கேட்டா?"

"அவரு கிடக்காரு. அதுக்காக நீ வெளிய போயிருவியா? நான் ஒரு நாளாவது இது என் வீடுன்னு ஒங்கிட்டச் சொல்லியிருக்கனா? முகம் சுளிச்சிருக்கனா?"

"இல்ல மதினி. நீங்க ஒரு நாளும் சொன்னதில்ல. என்னைக்குச் சொல்லிருவியளோன்னு தினமும் நான்தான் பாத்துட்டு இருந்தேன்."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அழுதேன் என்றே எழுதிக்கொள்கிறேன், டைரிதானே. நான் ஒரு கைப்பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அண்ணன் வாசலில் யோசித்துக்கொண்டு நின்றபோது, ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தவள் இவள்தான். அவளைப் பற்றித்தான் இத்தனை பக்கம் குறை எழுதியிருக்கிறேன்.

வக்கீல் கடலைப் பொட்டலத்தை எங்கள் பக்கம் நகர்த்தினார். "வழி இருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே, ரெண்டு பேரும் கேக்கவே இல்ல. ஆளுக்கொரு உயில் எழுதி வச்சிருங்க. உயில் இருந்தா அவர் வாரிசுன்னு வர முடியாது."

"இம்புட்டுத்தானா?" என்றாள் மதினி. உடனே என்னிடம் திரும்பினாள். "நீ யாருக்கு எழுதுவ?"

"ஒங்களுக்குத்தான்."

"நான் ஒனக்கு முன்னாடி போயிருவேன்ட்டி."

"அதெப்படிப் போவீய? நான் விட்டாத்தான?"

"சைலப்பனுக்கு எழுது. நானும் அவனுக்கு எழுதுதேன். ஆனா நம்மள்ல கடைசி ஆளு இருக்கமட்டும் வீட்டுல அவன் கை வைக்கக் கூடாதுன்னு போடுங்க வக்கீலம்மா."

அங்கேயிருந்தே மகனுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். விஷயத்தைச் சொன்னாள். அவன் முழுசாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "அத்த பக்கத்துல இருக்காளாம்மா?" என்றான். "இருக்கா." "அத்த, அன்னைக்கு நான் சொன்னத நீ கேட்டுட்டு இருந்தியா?"

"வெங்காயம்தான் உரிச்சிட்டு இருந்தோம்" என்றேன்.

"சாட்சிக் கையெழுத்துக்கு ஆளு இருக்கா?" என்று கேட்டான் சைலப்பன்.

"தங்கப்பழம் ஒண்ணு. இன்னொண்ணு பாக்கணும்."

"பாக்காண்டாம். நான் வாரேன்."

ஜனவரி 23, வியாழன்

பதிவாயிற்று. தை மாதக் கூட்டம், கல்யாண வீட்டைப் போல. பிரமநாயகம் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மதினி அவர் பக்கத்தில் போய், "எப்பம் வேணும்னாலும் வாங்க அண்ணாச்சி, முன்னறை ஒங்களுக்குத்தான்" என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சைலப்பன் சாட்சிக் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டான். என் பெருவிரல் மை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பால் காய்ச்சியாயிற்று. வக்கீல், இசக்கிமுத்து, எலிசபெத் டீச்சரின் தங்கை, தெருக்காரர்கள், எல்லோரும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். சார் ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோவில் வந்து முருங்கை மரத்தைக் காட்டச் சொன்னார். சைலப்பன் சாயங்காலம் ரயிலேறினான்.

அதற்குப் பிறகு சாமான் ஒதுக்கினோம். மதினி கிரைண்டரை அடுப்படி ஜன்னலுக்குக் கீழே வைக்கச் சொன்னாள். அங்கே வைத்தால் அலமாரிக் கதவு திறக்காது. வழக்கமாக "ஒங்க இஷ்டம் மதினி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எத்தனை வாடகை வீடு மாறியிருக்கிறோம். ஒரு கரண்டி எங்கே தொங்க வேண்டும் என்றுகூட நான் சொன்னதில்லை.

"அங்க வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"பின்பக்கத் தாழ்வாரத்துல வைப்போம்."

"அங்க போயி யாருட்டி மாவாட்ட? இங்கதான் வைக்கணும்."

"முடியாது மதினி. என் வீட்டுல கிரைண்டர் பின்னாலதான் இருக்கும்."

சொல்லிவிட்டு எனக்கே திக்கென்றது. மதினி கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நிற்க முடியாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுட்டி" என்றாள்.

சொன்னேன். இரண்டு பேருமாகக் கிரைண்டரைப் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம்.